பரவையா, பாவையா? – அறிவுடைமை குறித்த கேள்வி பதில்

கேள்வி: நிறையப் படித்தவரை அறிவுடையவர் என்று சொல்லலாமா?

பதில்: 1880 அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்ற 25 வயது உ.வே. சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரோ, இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரித் தமிழாசிரியர். ஆனாலும் அதைப் படித்திருக்கவில்லை. சுவடி கைக்கு வந்தபின் சமண மரபுச் செய்திகள் பிடிபடாமல் திணறியவர், கௌரவம் பார்க்காமல் அவ்வூர்ச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெளிந்தார். பதிப்பு 1887இல் வெளிவந்தது. எது தமக்குத் தெரியவில்லை, அது யாருக்குத் தெரியும் என்று கண்டுகொண்டதைத்தான் நான் அறிவுடைமை என்பேன்.

கேள்வி: குறைந்தது எத்தனை நூல்கள் படிக்க வேண்டும்?

பதில்: எண்ணிக்கையில் எனக்கு அக்கறை இல்லை.

கேள்வி: 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்று அறிவுடைமை அதிகாரத்தில் உள்ளதே, சொல்பவர் யாராயினும் ஒன்றுதான் என்றால், சமணரைத் தேடிப் போனது ஏன்?

பதில்: நீங்கள் காட்டியது 355ஆம் குறள், மெய்யுணர்தலில் உள்ளது. அறிவுடைமையில் வருவது 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்', 423. மேற்கோளை மூலத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! போகட்டும், கேள்வி நல்ல கேள்வி. உறுதிப்பொருள் பகைவர் வாயிலும், கெடுபொருள் நண்பர் வாயிலும் சிலபோது வரும் என்பதால் ஆராய வேண்டும் என்கிறார் பரிமேலழகர். கேட்டபின் செய்ய வேண்டியது அது. தக்காரிடம் கேட்பதற்கோ, அதற்கு முந்தைய அதிகாரமே 'கேள்வி' என்று இருக்கிறது.

கேள்வி: எல்லாமே கைபேசியில் கிடைக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு?

பதில்: ஏட்டின் படமும் கைபேசியில் கிடைக்கும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். கடலைக் குறிக்கும் 'பரவை'யும் பெண்ணைக் குறிக்கும் 'பாவை'யும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பாட்டின் பொருளையும் யாப்பையும் அறிந்தவரே எது என்று துணிய முடியும்.

கேள்வி: படிக்க வேண்டிய நூல்கள் எத்தனை என்று...

பதில்: மேலே பார்க்க.

கேள்வி: பரணில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. என்ன செய்யலாம்?

பதில்: பிரித்துப் புரட்டாமல், தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் காட்டுங்கள்.

கேள்வி: 423ஐப் பற்றி மறுபடியும். அப்படியானால் ஐயர் அச்சிட்ட பாடத்தையும் ஐயுறலாமா?

பதில்: தாராளமாக. அதற்காகத்தானே அவர் பிற சுவடிகளில் கண்ட பாடபேதங்களையும் உடன் அச்சிட்டார்.