அரசுப் பத்திரிகைதானே என்று நினைத்துவிட வேண்டாம்

"அமெரிக்காவில் ஒரு மாநில வனவிலங்குத் துறையின் பத்திரிகையில் டிசைனர் வேலை கிடைக்கும்போலிருக்கிறது. அரசுப் பிரசுரத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கும், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் "அரசுப் பிரசுரத்தில் என்ன இருக்கும்" என்ற வரியைப் படித்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. நானும் இங்கே மத்திய மேற்கில், அப்படியொரு பத்திரிகைக்குத்தான் பக்கம் அமைக்கிறேன். நீங்கள் விளம்பரக் கம்பெனியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். அங்கே வாசகரின் கண்ணைக் கவர்ந்தால் போதும். இங்கே வாசகர்கள் தூண்டில்காரர்கள், வேட்டைக்காரர்கள், பறவை பார்க்கப் போகிறவர்கள். காட்டைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

வெள்ளைவால் மானின் கொம்பு கோடை முழுக்க மெத்தென்ற ரோமத்தோலுக்குள் வளர்கிறது. செப்டம்பர் வாக்கில்தான் அந்தத் தோல் உரியும். ஜூலை இதழில் உரிந்த கொம்போடு ஒரு மானைப் போட்டால், "எந்த ஊரில் பார்த்தீர்கள்?" என்று கடிதம் வந்துவிடும். அதனால் நவம்பர் இதழுக்கான படத்தை முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே எடுத்து வைத்திருப்போம். படகில் இருக்கும் குழந்தையின் லைஃப் ஜாக்கெட்டில் பட்டை மாட்டியிருக்கிறதா, துப்பாக்கி முனை யாரையாவது பார்த்திருக்கிறதா என்றெல்லாம் கவனிக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் அணியும் ஒளிரும் ஆரஞ்சு, நான்கு வண்ண அச்சில் அப்படியே வராது, மங்கிவிடும். அதை ஓரளவு உயிரோடு கொண்டுவருவதே தனி வித்தை.

ஒரு வருடம் நவம்பர் அட்டைக்குப் பிரமாதமான கலைமான் படம் கிடைத்தது. மூச்சு ஆவியாகத் தெரிகிறது, பின்னால் பனி படிந்த புல். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அச்சுக்குப் போகும் வாரத்தில் துறையின் உயிரியலாளர் ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதன் காதைப் பாருங்கள்" என்றார். சின்னதாக ஒரு துளை. பண்ணை மானுக்கு அடையாள வில்லை மாட்டிய தடம். வேலிக்குள் வளர்ந்த மானைக் காட்டு மான் என்று காட்டவிருந்தோம்.

ஃபோட்டோஷாப்பில் அந்தத் துளையை அடைக்க இரண்டு நிமிடம் போதும். அதைச் சொன்னவர்களும் உண்டு. ஆசிரியர் சம்மதிக்கவில்லை, நானும் அவர் பக்கம்தான் நின்றேன். மான்களின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் சிடபிள்யூடி (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1967இல், கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம். அந்த நோயைப் பற்றி உள்ளே பக்கம் பக்கமாக எச்சரித்துவிட்டு, அட்டையில் பண்ணை மானை வைத்தால் எங்களை யார் நம்புவார்கள்? கருவாலி (ஓக்) மரச் சருகில் நடக்கும் காட்டு வான்கோழிகளின் படம் ஒன்று இருந்தது, அது அட்டைக்குப் போனது. அத்தனை அழகில்லை, ஆனால் நிஜம்.

"வேட்டைக்குக் கொடி பிடிக்கிறான்" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். நான் சைவம், துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத்தான் போகிறது. வாழிடங்களை மீட்டதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மிசௌரியில் 1976இல் மக்களே வாக்களித்து, எட்டில் ஒரு சதவீத விற்பனை வரியை இயற்கைப் பாதுகாப்புக்கென்றே ஏற்றுக்கொண்டார்கள். அங்கே 1938 முதல் வரும் 'மிசௌரி கன்சர்வேஷனிஸ்ட்' இதழ் அந்த மாநிலத்தவருக்கு இலவசம். பணம் கொடுக்கும் மக்களுக்கு அவர்கள் காட்டின் கணக்கைச் சொல்வது கேவலமான வேலையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இங்குள்ள நம் ஆட்களுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பது விழா மலர் போடும்போதுதான் ஞாபகம் வருகிறது. வாட்ஸாப்பில் நசுங்கி வந்த படங்களை முதல் நாள் இரவு அனுப்பி, "சும்மா பக்கத்துல போட்டா போதும் தம்பி" என்பார்கள். பணம் கேட்கவில்லை. ஒரு வாரம் முன்னால் கொடுங்கள் என்றுதான் வருடா வருடம் கேட்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். நேர்காணலுக்குப் போகும்போது பளபளக்கும் விளம்பரங்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வரைபடம், அட்டவணை, நீளமான கட்டுரை என்று படிக்கச் சுலபமாக அமைத்த பக்கங்கள் இருந்தால் அவற்றை முதலில் காட்டுங்கள். அப்புறம், படங்களை யார் சரிபார்க்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். உயிரியலாளர்கள் பார்க்கிறார்கள் என்றால் தயங்காமல் சேருங்கள்.