பித்தநாளப் புற்றுநோய் முற்றிவிட்டது, ஆபரேஷன் முடியாது என்கிறார்கள். ஸ்டென்ட் (அடைத்த பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைப்பதெல்லாம் சும்மா நாள் கடத்துவதா?

இல்லை. யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவாகவோ அம்மாவாகவோதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. என் அப்பாவை இதே நோயோடு பார்த்துக்கொண்டவன். அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கட்டி, கல்லீரலின் வலது, இடது பித்தக்குழாய்கள் வந்து சேரும் இடத்தில். ஸ்கேன் பார்த்த சர்ஜன் ஒரு தாளில் வேப்பங்கவட்டை மாதிரி வரைந்து, கட்டி இரண்டு கிளைக்குள்ளும் ஏறி, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் சுற்றிவிட்டது என்று காட்டினார். ஒரு பக்கக் கல்லீரலை வெட்டி எடுத்தால், மிஞ்சும் பக்கத்துக்கு நல்ல ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் இருக்க வேண்டும். அது இல்லாதபோது வயிற்றைத் திறப்பதில் பயன் இல்லை. இது புரியாமல், "காசுக்குப் பார்த்து ஆபரேஷன் பண்ணாம விட்டுட்டீங்களா?" என்று கேட்ட சொந்தக்காரர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவைப் படுத்தி எடுத்தது வலி இல்லை, பித்தம் வடிய வழியில்லாமல் உடம்பில் தேங்கியதால் வந்த அரிப்பு. ராத்திரி முழுக்கச் சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் சரியாகப் போகவில்லை. அப்புறம் விலாப் பக்கம் ஊசி போட்டுக் கல்லீரலுக்குள் குழாய் வைத்து, பித்தத்தை வெளியே ஒரு பைக்கு வடித்தார்கள். அந்தப் பையை மாட்டிக்கொள்ள அம்மா பழைய வேட்டியில் நாடா வைத்த உறை தைத்துக் கொடுத்தார். அரிப்பு அடங்கியது, தூங்கினார், இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு உள்ளேயே உலோக ஸ்டென்ட் வைத்துக் குழாயை எடுத்தார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளக்கூடும். உலோகம் பொதுவாக அதைவிடத் தாங்கும். உங்களுக்கு எது என்று கேளுங்கள். ஸ்டென்ட் இருக்கும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை காத்திருக்காதீர்கள். அன்று ராத்திரியே ஓடுங்கள்.

பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் ஏறும் பித்த நிறமி) இறங்கினால்தான் கீமோ முறையாகக் கொடுக்க முடியும். ஸ்டென்டின் அருமை அதுதான். ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தோடு சிஸ்பிளாட்டின் என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்பது 2010இல் வெளியான பெரிய ஆய்வுக்குப் பிறகு வழக்கமானது. ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 8.1 மாதம், இரண்டும் எடுத்தவர்களுக்கு 11.7. இவ்வளவுதானா என்று சிலர் கேட்பார்கள். அந்த மாதங்களில் அப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்ததைப் பார்த்த எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. அடுத்த வருடம் போய்விட்டார். இப்போது துர்வாலுமாப் போன்ற இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும்) மருந்தையும் சேர்க்கிறார்கள். எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஹெச்1 மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. பயாப்ஸித் திசுவில் அந்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். விலை கடுமையாக இருக்கும், அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அப்பா எப்போதோ பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்திருந்தார் என்பதற்காக "முன்பே இருந்த நோய்" என்று எழுதி இன்ஷூரன்ஸ்காரர்கள் கிளெய்மை மறுத்தார்கள். கல் வேறு, கட்டி வேறு என்று டாக்டரே கடிதம் கொடுத்தும் அசையவில்லை. கீமோ வார்டு வாசலில் நின்று அவர்களோடு போனில் மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய ஆபரேஷன் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே படித்துப் பாருங்கள்.