பிரைட்டன்-லெ-சாண்ட்ஸில் நல்ல கிரேக்க உணவைத் தேடுவது எப்படி?

சிட்னிக்கு அண்மையில் குடிவந்த ஒருவர், பிரைட்டன்-லெ-சாண்ட்ஸ் பக்கம் கிரேக்கர்கள் அதிகம் என்று கேள்விப்பட்டதாகவும், அங்கே எந்தக் கடையை நம்பிப் போகலாம் என்றும், வீட்டில் இருவர் சைவம் என்பதால் அவர்களுக்கு ஏதேனும் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார். நான் கடைப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சமையற்காரர் மாறினால் இரண்டே மாதத்தில் ருசி மாறிவிடும். பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும். பக்கத்து ராக்டேலில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்து, மாதம் இரண்டு முறையாவது அந்தக் கடற்கரைக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டதில் எனக்குப் பிடிபட்ட சில அடையாளங்களைச் சொல்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு நீங்களே கடையைத் தேர்ந்துகொள்ளலாம்.

பிரைட்டன் என்று ஊரார் சுருக்கி அழைக்கும் இந்தப் புறநகர், நகர மையத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில், பாட்டனி வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. கடலோரமாகச் செல்லும் கிராண்ட் பரேட் என்ற அகலமான சாலையில், ராக்டேல் பக்கமிருந்து வரும் பே ஸ்ட்ரீட் வந்து முட்டும் இடம்தான் கடைத்தெரு. வளைகுடா என்பதால் அலை குறைவு. விமான நிலையத்தின் ஓடுபாதை தண்ணீருக்குள் நீண்டு கிடப்பது கரையிலிருந்தே தெரியும். விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். கரை கிழக்கு நோக்கியது என்பதால் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று மாலையில் போகாதீர்கள். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் கடைகளுக்கு மேல் இறங்கும்.

நான் முதன்முதலில் ஏமாந்ததும் அந்தக் கடலோர மேசை ஒன்றில்தான். திருச்சியிலிருந்து பெற்றோர் வந்திருந்த நேரம். காட்சி நன்றாக இருக்க வேண்டும் என்று தண்ணீரைப் பார்த்த இருக்கையாகக் கேட்டு வாங்கினேன். தொட்டுக்கொள்ள வந்த தராமசலாட்டா என்னும் மீன் முட்டைப் பசை பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தது. அடுத்து வந்த, கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிச் சுட்ட முசாக்காவின் மேல்பகுதி வாயைச் சுட்டது, கரண்டியை உள்ளே விட்ட அம்மா, "நடுவுல ஜில்லுன்னு இருக்கேப்பா, பிரிட்ஜுல வச்சதா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை மட்டும் தின்று முடித்தார். பில்லில் பொது விடுமுறை நாளுக்கான மேல்கட்டணமும் சேர்ந்திருந்தது. அந்த மதியத்துக்குப் பிறகுதான், இந்த உணவில் எது எப்படி இருக்க வேண்டும் என்பதை முறையாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

அதற்கு இந்தப் பகுதியின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீதெரா, இதாக்கா, காஸ்டெல்லொரிஸோ போன்ற தீவுகளிலிருந்து வந்த கிரேக்கர்கள் ஆஸ்திரேலியாவின் சிறு நகரங்களில் எல்லாம் சிப்பிக் கடைகளும் கஃபேக்களும் மில்க் பார்களும் நடத்தினார்கள். ஆனால் அங்கே அவர்கள் விற்றது ஆங்கிலேய ருசிக்கேற்ற இறைச்சி வறுவலும் முட்டையும் உருளைக்கிழங்குச் சிப்ஸும்தான். தங்கள் சாப்பாட்டை அவர்கள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குறிப்பாக இரு நாடுகளும் 1952-இல் செய்துகொண்ட குடியேற்ற ஒப்பந்தத்தை அடுத்து, பெருந்தொகையாக வந்தவர்கள் மேரிக்வில் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் குடியேறினார்கள். கையில் காசு சேர்ந்ததும் அவர்களில் பலர் எர்ல்வுட், கோகரா, பிரைட்டன் என்று தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். ஆகவே இங்கே கிரேக்க உணவகம் நடத்துபவருக்குப் போட்டி எதிர்க் கடைக்காரர் மட்டுமல்லர். தெருவுக்கு நாலு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் யாயாக்களும், அதாவது பாட்டிமாரும், அவருக்குப் போட்டி. பாட்டி வைக்கும் பீன்ஸ் குழம்புக்கு யாரும் முப்பது டாலர் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் செய்யத் தோதுப்படாத கரி அடுப்புச் சமையலுக்கும், முழு மீனுக்கும், சுழலும் கம்பியில் வேகும் இறைச்சிக்கும்தான் அவர்கள் வெளியே வருகிறார்கள். இந்த ஊரில் உணவகங்கள் நன்றாகச் செய்வதும் பெரும்பாலும் இவற்றையே என்பது என் அனுபவம்.

எனவே கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது கரி வாசனையை. எரிவாயு அடுப்பில் சுட்ட பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) கரியில் சுட்டதும் ஒன்றல்ல. கிரேக்கத் தீவுகளில் பிடித்த பேய்க்கணவாயைப் பாறையில் அடித்து மென்மையாக்கி, கொடியில் துணி போல வெயிலில் காயப்போட்டு, பிறகு சுடுவார்கள். சிட்னியில் கொடியில் காயப்போட வழியில்லாததால், மூடிய பாத்திரத்தில் அதன் நீரிலேயே மெல்ல வேகவைத்து, ஈரம் போக ஆறவைத்து, பிறகு கரியில் வாட்டுகிறார்கள். எனக்கு வாடிக்கையான சிறு கடை ஒன்றில் அடுப்பு வாசலிலிருந்தே தெரியும்: பேய்க்கணவாயின் தடித்த கையொன்றைக் கரிக்கு நேர் மேலே வைத்து, உறிஞ்சிகளின் ஓரம் கருகி மொறுமொறுப்பாகும் வரை அசைக்காமல் விட்டு, ஒரே ஒரு முறை திருப்பி, தட்டில் துண்டுகளாக வெட்டி, ஆலிவ் எண்ணெயும் வினிகரும் காய்ந்த ஒரிகானோவும் தூவி அனுப்பிவிடுவார் அந்தப் பெரியவர். வேறு அலங்காரம் கிடையாது. கடித்தால் வெளியே கருகலும் உள்ளே நல்ல பதத்தில் வெந்த நுங்கு போன்ற மென்மையும் இருக்க வேண்டும். ரப்பராக இழுத்தால் வேகவைத்ததில் அவசரம், குழைந்து தோல் கழன்றால் முந்தைய நாள் வெந்தது. ஒரு கடையை எடைபோட எனக்கு இந்த ஒரு தட்டு போதும்.

மீனுக்கு வந்தால், மெனு அட்டையை மூடி வைத்துவிட்டு இன்று என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். நல்ல கடையில் மீனை எடுத்துவந்து காட்டுவார்கள், அல்லது பனிக்கட்டிப் பெட்டிக்கு உங்களை அழைத்துப்போவார்கள். பார்பூனி என்று அவர்கள் போற்றும் சிவப்பு மீன் நம் நவரையின் குடும்பத்தைச் சேர்ந்தது; மாவில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்தால், முள்ளோடு மீன் தின்னத் தெரிந்த நமக்கு அது ஒரு விருந்து. மத்தியும் கிடைக்கும். பெரிய மீனாக இருந்தால் சுட்டு, எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அடித்த லாதொலெமொனோவை மேலே ஊற்றித் தருவார்கள். விலை பெரும்பாலும் கிலோவுக்கு என்பதால், அடுப்பில் ஏறுமுன் எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிடுவது மரியாதைக் குறைவாகாது, கிரேக்கர்களும் கேட்கிறார்கள்.

தொடக்கத் தட்டுகளில் சில நுணுக்கங்கள் உண்டு. மீன் முட்டையில் செய்யும் தராமசலாட்டா வெளிர் பழுப்பு அல்லது வெண்மை நிறத்தில் இருக்க வேண்டும். அடர்ந்த ரோஜா நிறம் பெரும்பாலும் சாயத்தால் வருவது. ஹொரியாதிகி என்னும் நாட்டுப்புறச் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ் இருக்கும். கோசுபோல அடுக்கடுக்கான லெட்டஸ் இலை இருக்காது. ஃபெட்டா பாலாடைக்கட்டி பொடியாக உதிர்க்கப்படாமல் முழுப் பலகையாக மேலே அமர்ந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாக்கியது. குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பாலும் மீதி வெள்ளாட்டுப் பாலும் கொண்டு செய்ததற்கே அங்கே அந்தப் பெயர் செல்லும். ஆஸ்திரேலியாவிலோ பசும்பாலில் செய்ததும் அதே பெயரில் விற்பனையாகிறது. வாயில் வைத்ததும் புளிப்பும் செம்மறிப் பாலின் கார்ப்பும் ஏறினால் இறக்குமதிச் சரக்கு. வெறும் உப்பாக இருந்தால் உள்ளூர்ச் சரக்காக இருக்கலாம். நான் தயங்காமல் கேட்டுவிடுவேன்.

இறைச்சி குறித்து ஓர் எச்சரிக்கை மட்டும். கிரேக்கத்தில் சுழலும் கம்பியில் வேகவைத்துச் சீவித் தரும் கீரோஸுக்கும், குச்சியில் கோத்துச் சுடும் சூவ்லாகிக்கும் பன்றி இறைச்சியே மிகுதியாகப் பயன்படுகிறது. செம்மறியாடு தாராளமாகக் கிடைக்கும் ஆஸ்திரேலியாவில் ஆட்டிறைச்சியும் கோழியும் அதிகம். முசாக்காவிலும் கெஃப்தேதெஸ் உருண்டைகளிலும் மாட்டிறைச்சிக் கொத்து இருக்கக்கூடும். எதைத் தவிர்க்கிறீர்களோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது சைவர்களுக்கு வருகிறேன். உண்மையில் கேள்வியின் இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்க உணவு என்றால் இறைச்சி என்று நினைப்பவர்களுக்கு அவர்களுடைய விரத மரபு தெரிவதில்லை. கிரேக்கர்களில் பெரும்பாலோர் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தைய நெடிய நோன்பில் இறைச்சி, முட்டை, பால், நெய், மீன் அனைத்தையும் விலக்குகிறார்கள். கணவாய், இறால், சிப்பி போன்ற இரத்தமற்ற கடலுயிர்களுக்கு மட்டும் தடை இல்லை. இந்த மரபில் விளைந்த உணவுக்கு நிஸ்திசிமா என்று பெயர். கடையில் அந்தச் சொல்லைச் சொன்னாலே முகம் மலரும். ஆனால் கணவாய் வேண்டாம் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சைவத் தட்டில் கணவாய் வளையங்கள் வந்து நிற்கும். எங்கள் மேசைக்கு ஒரு முறை வந்திருக்கிறது. அவர்களுடைய பெருவிழா நாள் வேறு கணக்கில் வருவது. 2026-இல் மற்றவர்களுக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. அதற்கு முந்தைய வாரங்களில் போனால் சைவ வகைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

என்ன கேட்பது? பீன்ஸைத் தக்காளியோடு ஆலிவ் எண்ணெயில் குழைய வேகவைத்த ஃபசொலாக்கியா. மொச்சையைவிடப் பெரிய வெள்ளைப் பயற்றை ஓவனில் சுட்ட கிகாண்டெஸ். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே அரிசியும் புதினாவும் அடைத்த கெமிஸ்தா. அரைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பின் மேல் வெங்காயமும் எண்ணெயும் விட்டுத் தரும் ஃபாவாவைச் சாப்பிட்ட என் மாமியார், இது நம் பருப்புக் கடையல்தானே, தாளிக்க மறந்துவிட்டார்கள் என்றார். கோடையில் வ்லீதா என்ற கீரை கிடைத்தால் விடாதீர்கள். அது நம் தண்டுக்கீரை, முளைக்கீரையின் இனம்தான். தண்டோடு வேகவைத்து, எண்ணெயும் எலுமிச்சையும் பிழிந்து தருவார்கள். பல கிரேக்க வீடுகளின் கொல்லையில் அது வளர்ந்து நிற்பதை வேலிக்கு மேலாகவே பார்க்கலாம். இந்த எண்ணெய்ச் சமையல் வகைகள் ஆவி பறக்க வராது. வெதுவெதுப்பாகத் தருவதுதான் முறை, எனவே சூடாக்கித் தரச் சொல்லி ருசியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இவற்றைக் கடலோரப் பெரிய கடைகளைவிட, பே ஸ்ட்ரீட்டில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே தள்ளியிருக்கும் சிறு கடைகளிலும், கோகராப் பக்கத்திலும், கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாக வைத்திருக்கும் பகல் உணவுக் கடைகளிலும் தேடுங்கள். காலையில் சமைத்தது மதியம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். இரவு எட்டு மணிக்கும் தட்டு நிறைய மிச்சமிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இனிப்புக்குக் கலக்தோபூரிகோ. மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே ரவையும் பாலும் சேர்ந்த கூழை வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றுவது. சூடான பண்டத்தின் மேல் ஆறிய பாகு விழுந்தால்தான் மேல் தாள் மொறுமொறுப்போடு நிற்கும். முட்கரண்டி இறங்கும்போது சத்தம் கேட்க வேண்டும். முட்டை சேர்வதால் கண்டிப்பான சைவர்கள் தேன் ஊற்றிய லூகுமாதெஸ் உருண்டைகளைக் கேட்கலாம். காப்பி, கைப்பிடி நீண்ட சிறு செம்புப் பாத்திரத்தில் பொடியோடு கொதித்து வருவது. சர்க்கரையின் அளவை முன்னதாகவே சொல்ல வேண்டும், நடுத்தரமாக வேண்டுமானால் மெத்ரியோ. வண்டல் அடியில் இறங்கும் வரை பொறுத்திருந்து, அடியை விட்டுவிட்டுக் குடியுங்கள். வெயில் காலமென்றால் நுரைத்த குளிர்க் காப்பியான ஃப்ராப்பே உண்டு. 1957-இல் தெசலோனிகி கண்காட்சியில் பிறந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாடு முடிந்து குடும்பங்கள் வெளியே வரும் நேரத்துக்குச் சற்று முன்னதாக, பதினொன்றரை மணி வாக்கில் போங்கள். ராக்டேல் நிலையத்தில் இறங்கி நேரே நடந்தால் அரை மணிக்குள் கடல் தெரியும். மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தாத்தா ரொட்டியால் தட்டிலிருக்கும் எண்ணெயைத் துடைத்துத் தின்னும் கடையாகப் பார்த்து உள்ளே நுழையுங்கள். நால்வருக்கு ஒரு பேய்க்கணவாய், ஒரு ஃபாவா, கீரை, ஒரு ஹொரியாதிகி, அன்றைய மீன் ஒன்று சொல்லித் தொடங்கினால் போதும். தட்டுகள் பெரியவை, ரொட்டியும் வந்துவிடும். கடலை, சாப்பிட்ட பிறகு சாலையைக் கடந்து மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.