தனியார் தண்டவாளத்துக்கு அரசுப் பணம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் தண்டவாளங்கள் பெரும்பாலும் தனியார் சரக்கு ரயில் கம்பெனிகளுக்கே சொந்தம் என்கிறார்கள். அப்படியிருக்க, ரயில் பாதுகாப்புக்கு அந்நாட்டு அரசு ஏன் நிதி ஒதுக்குகிறது?

பதில்: தண்டவாளம் கம்பெனியுடையதுதான், ஆனால் அதைக் கடந்து செல்லும் சாலை பொதுமக்களுடையது. அங்கே லெவல் கிராசிங்குகள் 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 மோதல்கள் நிகழ்கின்றன. கேட்டும் விளக்கும் அமைக்கும் செலவு முழுவதையும் கம்பெனியின் தலையில் சுமத்துவது முறையாகாது என்பதால், 1973-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மத்திய அரசே இதற்கெனத் தனி நிதி ஒதுக்கத் தொடங்கியது. 2021-இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒதுக்கியதோடு, ஆபத்தான கிராசிங்கை நிரந்தரமாக மூட முன்வரும் உள்ளாட்சிகளுக்கான ஊக்கத்தொகையின் உச்சவரம்பை 7,500 டாலரிலிருந்து 1 லட்சம் டாலராக உயர்த்தியது.

எனினும், கேட் போட்ட கிராசிங்குகளிலும் உயிர்கள் போகின்றன. சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும்வரை ஆபத்து முழுமையாக நீங்காது. மேம்பாலமோ சுரங்கப்பாதையோதான் உறுதியான தீர்வு. சிறிய ஊர்களின் வரி வருமானத்தில் அவற்றைக் கட்ட இயலாது. ஆகவே, அதே சட்டம் கிராசிங் ஒழிப்புக்கென்றே 5 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் ஒதுக்கி, ஒவ்வொரு பணியிலும் 80 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கலாம் என்றது. ரயில் பாதுகாப்புக்குச் செலவாகும் பணத்தில் மிகப் பயனுள்ளது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் போட்டுவிட்டுப் பணத்தைத் தாமதித்தால் என்ன நேரும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. 2008 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில், சிவப்பு சிக்னலைத் தாண்டிய பயணிகள் ரயில் சரக்கு ரயிலோடு மோதி 25 பேர் இறந்தனர். ஓட்டுநர் தவறினாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் தொழில்நுட்பத்தை 2015 முடிவதற்குள் முக்கியப் பாதைகளில் பொருத்த வேண்டும் என்று அடுத்த மாதமே சட்டம் வந்தது. சரக்கு ரயில் கம்பெனிகள் பெரும்பாலும் சொந்தப் பணத்தைச் செலவிட்டன. பொதுப்பணத்தை நம்பியிருந்த புறநகர் ரயில் நிர்வாகங்களோ நிதிக்குத் திண்டாடின. தொழில்நுட்பச் சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, கெடு நீட்டிக்கப்பட்டு, 2020 டிசம்பரில்தான் பணி நிறைவடைந்தது. இதற்கிடையே, அந்தத் தொழில்நுட்பம் செயல்படாத வளைவுகளில் மிதமிஞ்சிய வேகத்தில் சென்ற ரயில்கள் தடம் புரண்டு, 2015-இல் பிலடெல்பியாவில் 8 பேரும் 2017-இல் வாஷிங்டன் மாநிலத்தின் டூபாண்ட் அருகே 3 பேரும் உயிரிழந்தனர்.

2021 சட்டத்தின் ஒதுக்கீடு 2026 நிதியாண்டு வரைக்குமானது. ஒரு மேம்பாலத்துக்குத் திட்டமிட்டு, நிலம் எடுத்து, கட்டி முடிக்கவே அதைவிட அதிக காலம் பிடிக்கக்கூடும் என்பதால், இந்த நிதி இடைவெளியின்றித் தொடர வேண்டும்.