முதல் வலைப்பக்கத்தைத் தமிழில் உருவாக்க எந்த மென்பொருள் வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கணினித் துறையில் படிக்காத ஒருவர், தம் ஊர் நூலகத்துக்காகத் தமிழில் ஒரு சிறிய வலைப்பக்கம் உருவாக்க எந்த மென்பொருளை வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடும் ஓர் உலாவியும் போதும். பக்கத்தைப் பிறர் பார்க்கும்படி வெளியிடும் நாள் வரை இணைய இணைப்பும் தேவையில்லை. வலைப்பக்கம் என்பது உலாவி படித்துக் காட்டும் ஓர் எழுத்துக்கோப்பு, அவ்வளவே.

வேர்ட்பிரஸ் (தளம் அமைத்து நடத்தும் மென்பொருள்), பூட்ஸ்ட்ராப் (ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பு) போன்றவற்றிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவை பயனுள்ள கருவிகள்தாம். ஆனாலும் முதல் பக்கத்தை ஒவ்வொரு வரியாகக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அப்படிச் செய்தவருக்குத்தான் பின்னாளில் ஒரு பக்கம் கோணலாகத் தெரியும்போது எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது புரியும்.

முதலில் சொல்ல வேண்டியதை எழுதிவிடுங்கள்: நூலகத்தின் பெயர், அதைப் பற்றி இரண்டு பத்தி, திறந்திருக்கும் நேரம், முகவரி. பிறகு ஒவ்வொரு பகுதியும் என்ன என்பதை, கோணக்குறிகளுக்குள் ஆங்கில எழுத்தில் அமையும் ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களால் உலாவிக்குத் தெரிவியுங்கள். பெயருக்கு ஹெச்1, பத்திக்கு பி, வேறு பக்கத்துக்கான இணைப்புக்கு ஏ. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு வரியை ஹெச்1 குறிச்சொல்லுக்குள் வைக்காதீர்கள். 'இது தலைப்பு' என்று அறிவிப்பதே அதன் வேலை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வது அந்த அறிவிப்பை நம்பித்தான். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் வெளியிட்ட முதல் வலைத்தளமும் தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு போன்றவற்றால்தான் அமைந்தது. செர்ன் 2013இல் அதைப் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்திருக்கிறது. இன்றைய உலாவியிலும் அது திறக்கிறது. கன்ட்ரோல் விசையுடன் யு விசையை அழுத்தி அதன் மூல வரிகளைப் பாருங்கள். அவற்றில் பெரும்பகுதி உங்களுக்குப் புரியும்.

கோப்பின் முதல் வரியில், இது ஹெச்டிஎம்எல் பக்கம் என்று உலாவிக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பும், அடுத்து ஹெட், பாடி என்ற இரு பகுதிகளும் வர வேண்டும். கண்ணுக்குத் தெரிபவை எல்லாம் பாடிக்குள் அடங்கும். ஹெட் பகுதியில், பக்கத்தின் பெயரைச் சொல்லும் டைட்டிலோடு, பக்கத்தைப் பற்றி உலாவிக்குத் தகவல் தரும் இரண்டு மெட்டா வரிகளை எழுதுங்கள். தமிழில் எழுதுபவர் முதல் மெட்டா வரியை எக்காரணத்தாலும் விடக்கூடாது. அது, எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாகப் பதியும் முறை, யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரி. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு) பெற்று மொத்தம் 15 பைட். அறிவிப்பு இல்லாவிட்டால் இந்த 15 பைட்டுகளை எப்படிப் படிப்பது என்று உலாவி ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் தவறினால் தமிழுக்குப் பதில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வணிகக் குறிகளும் வரிசையாக வந்து நிற்கும். இவ்வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஹெட் தொடங்கியவுடன் எழுதிவிடுவது நல்லது. நோட்பேடில் சேமிக்கும்போதும் குறியாக்கமாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸில் ஆன்சி (தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத பழைய குறியாக்கம்) என்று இருந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிடும். கோப்பை மூடிய பின் அவற்றை மீட்க வழியில்லை.

மற்றொரு மெட்டா வரி வியூபோர்ட், பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வரி. அது இல்லையென்றால் கைப்பேசி உலாவி பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு, பெரும்பாலும் 980 பிக்சலுக்கு, வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பளவு ஆகிவிடும். ஹெட், பாடி இரண்டையும் உள்ளடக்கும் ஹெச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழி தமிழ் என்பதைக் குறிக்க 'டிஏ' என்று எழுதினால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

பக்கத்தை அழகுபடுத்தும் சிஎஸ்எஸ் என்ற மொழியைப் பற்றி இப்போதைக்கு ஒன்றே ஒன்று. நம் எழுத்துகளில் மேலும் கீழும் குறிகள் நீள்வதால், வரி உயரத்தை 1.6 அல்லது 1.7 என்று வைத்துப் பாருங்கள். வாசிப்பு உடனே எளிதாகும். பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இந்தப் பக்கத்துக்குத் தேவையே இல்லை.

கோப்புக்கு இன்டெக்ஸ் என்ற பெயரும் ஹெச்டிஎம்எல் என்ற பின்னொட்டும் கொடுத்து, கோப்பு வகையில் 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். இல்லையேல் இறுதியில் டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டும் ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்துவிடுவதால் கண்ணிலும் படாது. படங்கள் உட்பட எல்லாக் கோப்புப் பெயர்களையும் இடைவெளி இல்லாமல் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும், இணையத்தில் பக்கத்தை வைத்துப் பிறருக்கு அனுப்பும் லினக்ஸ் வழங்கிக் கணினி அவற்றைப் பிரித்துப் பார்க்கும். உங்கள் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் காணாமல் போவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். வெளியிடுவதற்கு, கிட்ஹப் தளம் தரும் பக்க வெளியீட்டுச் சேவையான கிட்ஹப் பேஜஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்குத் தொடங்கிக் கோப்புகளை ஏற்றி, அமைப்புகளில் பேஜஸ் பகுதியை இயக்கினால் சில நிமிடங்களில் முகவரி கிடைத்துவிடும். அதை முதலில் கைப்பேசியில் திறந்து பாருங்கள், நூலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதில்தான் பார்க்கப்போகிறார்கள்.