சிசிலியன் டிராகனில் எச்-காலாள் பாய்ந்து வந்தால் கறுப்பு என்ன செய்வது?

தம்பி, முல்லைத்தீவு வலயமட்டச் சதுரங்கப் போட்டியில் டிராகன் (ஈ4க்குச் சி5 என்று பதில் சொல்லி, பிஷப்பை ஜி7இல் வைக்கும் கறுப்பின் தொடக்க ஆட்டம்) ஆடலாமா, வெள்ளை ராணிப்பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்து, தன் வலது ஓரத்து எச்-காலாளைத் தள்ளும்போதெல்லாம் தோற்கிறேனே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடலாம். 12ஆம் நகர்வை மட்டும் மாற்றுங்கள்.

முதல் ஐந்து நகர்வுகள் (முதலில் வெள்ளை, அடுத்துக் கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் காலாள்): ஈ4 சி5, குதிரை எஃப்3 டி6, டி4 வெட்டு, குதிரை வெட்டு குதிரை எஃப்6, குதிரை சி3 ஜி6. பிறகு வெள்ளை பிஷப் ஈ3, எஃப்3, ராணி டி2, பிஷப் சி4, காஸ்லிங், பிஷப் பி3, எச்4 என்று வரும். நீங்கள் பிஷப் ஜி7, காஸ்லிங், குதிரை சி6, பிஷப் டி7, கோட்டை சி8, குதிரை ஈ5. 6ஆவதில் குதிரையை ஜி4க்குத் தாவவிட வேண்டாம். பிஷப் பி5 செக் வந்து காய் போகும்.

12இல் குதிரையைச் சி4க்கு அனுப்பினால் என்னாகும் என்பதற்கு 1974இல் மொஸ்கோவில் சோவியத் கிராண்ட்மாஸ்டர்கள் கார்ப்போவ் (வெள்ளை), கோர்ச்னோயுடன் (கறுப்பு) மோதிய தொடரின் இரண்டாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எச்5இல் காலாளைக் கொடுத்து எச்-வரிசையைத் திறந்தது. 16இல் டி4 குதிரை ஈ2க்குப் பின்வாங்கியதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். கோட்டையைச் சி3இல் கொடுத்துக் காலாள் அமைப்பை உடைப்பது டிராகனின் பெரிய ஆயுதம். குதிரை ஈ2இல் நின்றால் அதுவே திருப்பி வெட்டிவிடும், காலாள்கள் குலையாது. பிறகு பிஷப்புகள் எச்6இல் மாறின, எச்7ஐக் காக்க எஃப்6 குதிரை மட்டுமே மிஞ்சியது. 20இல் ஜி5, 21இல் கோட்டை டி5, 24இல் ஈ5 எல்லாமே அந்த ஒரு குதிரையை அகற்றத்தான். 27ஆவது நகர்வோடு கறுப்பு விட்டுக்கொடுத்தது.

ஆகவே 12இல் எச்5 என்று நீங்களே தடுத்துவிடுங்கள். இனி எச்-வரிசை திறக்க வெள்ளை ஜி4 என்று காலாள் பலி கொடுக்க வேண்டும். பிஷப் ஜி5 வந்தால் கோட்டை சி5. அது ஐந்தாம் கிடைவரிசையைக் காக்கும், ஈ5 தள்ளுவதையும் சிரமமாக்கும். பதறிப்போய் எஃப்6 குதிரையை நகர்த்தாதீர்கள்.

9இல் பிஷப் சி4 இல்லாமல் வெள்ளை உடனே காஸ்லிங் செய்தால் டி5 அடியுங்கள். காலாள் வெட்டு, குதிரை வெட்டு, சி6இல் குதிரைகள் மாற்று, டி5இலும் மாற்று. ராணி டி5ஐ வெட்டினால் உங்கள் ராணி சி7. ஏ8 கோட்டையைத் தின்ன ஆசைப்பட்டால் பிஷப் எஃப்5: சி2இல் மேட் மிரட்டல், வெள்ளை ராணியைக் கோட்டைகளுக்காகக் கொடுத்துத்தான் தப்பவேண்டும்.