மகளுக்குப் போன மாம்பிஞ்சுப் பாடம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். பல வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவள். தினமும் காலையில் ஒரு சின்னத் தியானம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பெரிய விளக்கமெல்லாம் கிடையாது, கண்ணில் படுவதுதான். காற்றுக்கு முருங்கை முறிந்து விழ, பக்கத்தில் பனை அசையாமல் நின்றதைப் பார்த்து விசுவாசத்தைப் பற்றி எழுதினேன். இட்லி மாவு பொங்கியதைப் பார்த்து, இயேசு உவமையில் சொன்ன, மூன்றுபடி மாவில் அடக்கிவைத்த புளித்தமாவைப் பற்றி எழுதினேன். "மிருகங்களைக் கேட்டுப்பார், அவைகள் உனக்குப் போதிக்கும்" என்ற யோபு 12:7 எல்லாத் தியானத்துக்கும் தலைப்பில் இருக்கும்.

வெளியில் மதிக்கிறார்கள். பம்பாயிலிருந்துகூட ஒருவர் நன்றி சொல்லி எழுதினார். என் வீட்டில்தான் மதிப்பு இல்லை. மகன் குரூப்பை மியூட்டில் போட்டிருக்கிறான். மருமகள் அனுப்பிய மறுநொடியே கட்டைவிரல் படம் போடுகிறாள், அதற்குள் எப்படிப் படித்திருப்பாள்? பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசி, "வாரத்துக்கு ஒன்று போதுமே, டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குத் தலை தூக்க முடியவில்லை. என் மகளோ குரூப்பைவிட்டே வெளியேறிவிட்டாள். என் மடியில் உட்கார்ந்து வசனம் மனப்பாடம் செய்த பிள்ளை. இப்போது ஃபோன் பண்ணினால் "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா", அத்தோடு சரி. மகனாவது பரவாயில்லை, ஆண்பிள்ளை. மருமகள் அந்தக் கட்டைவிரலைப் போடாமல் இருந்தாலே போதும்.

இடையில் ஒன்று நடந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் எழுதுவதாகத் தீர்மானம் எடுத்திருந்தேன். அப்போதுதான் மகளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டானது. மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடி பூராவும் பிஞ்சு உதிர்ந்து கிடந்தது. தீர்மானம் தவறக்கூடாதே என்று அதையே எழுதினேன், மரம் தாங்கக்கூடிய காயைத்தான் தோட்டக்காரர் விட்டுவைக்கிறார் என்று. நிறையப் பேர் ஆமென் போட்டார்கள். அதற்கப்புறம் ஏனோ பின்வாசல் கதவைத் திறக்கவே பிடிக்கவில்லை. இப்போது அனுப்புவதெல்லாம் பழைய நோட்டில் இருப்பதுதான். அதை விடுங்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். வீட்டில் உள்ளவர்களுக்கு ஆவிக்குரிய காரியங்களில் தாகம் உண்டாக நான் என்ன செய்ய வேண்டும்? மகளை நானே மறுபடி குரூப்பில் சேர்க்கலாமா? இல்லை, எழுதுவதையே நிறுத்திவிடட்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

*

அன்புள்ள டீச்சர் அம்மா,

மகன், மருமகள், காரியதரிசி மூவரையும் ஓரமாக உட்கார வைப்போம். "அதை விடுங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். என்னால் விட முடியவில்லை.

மகள் குரூப்பைவிட்டு எப்போது போனாள் என்று நீங்கள் எழுதவில்லை. மாம்பிஞ்சுத் தியானம் வந்த அன்றோ, அதை ஒட்டியோ இருக்கும் என்று நினைக்கிறேன். "மரம் தாங்கக்கூடிய காயைத்தான் தோட்டக்காரர் விட்டுவைக்கிறார்." ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து படுத்திருக்கும் பெண்ணாக இருந்து இதைப் படித்துப் பாருங்கள். உனக்குத் தாங்கச் சக்தியில்லை, அதனால் கடவுள் பறித்துவிட்டார் என்றுதான் அவள் காதில் விழும். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அவள் அம்மா சொன்னது அதுதான், அதுவும் ஊரார் எல்லாரும் ஆமென் போடும் இடத்தில். இந்த விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம்.

மாமரத்தைப் பற்றி நீங்கள் பார்த்தது சரிதான். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூக்கும், தேறுவது ஒன்றிரண்டு. மரத்துக்கு அது வருஷா வருஷம் நடப்பது. அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் தாய் செய்த எதனாலும் அல்ல. ஆனாலும் மாடிப்படி ஏறினேனே, பஸ்ஸில் போனேனே என்று பெண்கள் தங்களைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் அவள் கைக்கு உங்கள் தியானம் போயிருக்கிறது.

நீங்கள் தலைப்பில் போடும் அந்த வசனத்தைச் சொன்னது யார், யாரிடம் சொன்னார் என்று மறுபடி படியுங்கள். பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த யோபு, தன்னைத் தேற்ற வந்தவர்களிடம் மனம் வெந்து சொன்னது. அந்தச் சிநேகிதர்களும் உங்களைப்போல இயற்கையிலிருந்து பாடம் எடுக்கிறவர்கள்தான். எலிப்பாஸ் சிங்கத்தைக் காட்டுகிறான். பில்தாத், சேறில்லாமல் நாணல் வளருமா என்று கேட்கிறான், சிலந்தி வீட்டைக் காட்டுகிறான். உவமையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அருமை. யோபு அவர்களுக்கு வைத்த பெயர், "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது தேற்ற வந்து வேதனையைக் கூட்டுகிறவர்கள். வெட்டின மரமாவது திரும்பத் தழைக்கும், மனுஷன் அப்படியா என்று 14-ஆம் அதிகாரத்தில் கேட்கிறாரே, அங்கே மரத்தின் பாடத்தையே அவர் திருப்பிக் கொடுக்கிறார். அந்தச் சிநேகிதர்கள் நன்றாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் கடவுளே பேசும்போதும் இயற்கையைத்தான் காட்டுகிறார். மனுஷர் இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழை, முட்டையைத் தரையில் இட்டுவிட்டுப் போகும் தீக்குருவி (நெருப்புக்கோழி), உயரத்தில் கூடு கட்டும் கழுகு. வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, மான்கள் சினையாயிருக்கும் மாதங்களை எண்ணினாயா என்று, பிள்ளைகளை இழந்த மனுஷனிடம் கேட்கிறார். ஆனால் எதன் முடிவிலும், ஆகையால் உன் பிள்ளைகள் இதற்காகத்தான் போனார்கள் என்ற ஒரு வரி இல்லை. எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடம் இது. இயேசுவும் அப்படித்தான். காட்டுப்புஷ்பம், அடைக்கலான் குருவி, கடுகுவிதை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பாடம் சொன்னவர். இறந்துபோன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போனபோது, அவனை எழுப்பப் போவது தெரிந்திருந்தும், அழுகிற அவன் சகோதரி மரியாளைப் பார்த்து அவரும் கண்ணீர் விட்டார்.

துக்கத்தில் இருப்பவர் தாமாக, தம் நேரத்தில் ஓர் அர்த்தத்தைக் கண்டுபிடித்தால் அது அவரைத் தாங்கும். அதையே இன்னொருவர் முதல் நாளில் கையில் திணித்தால், உன் அழுகையை முடித்துக்கொள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இப்போது உங்களைப் பற்றி. போனது உங்கள் பேரக்குழந்தை. மகளுக்காக இத்தனை வருஷம் ஜெபித்திருப்பீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், நீங்கள் அழுததாக ஒரு வரி இல்லை. எழுதியதாகத்தான் இருக்கிறது. பின்வாசலைத் திறக்க முடியாமல் போனதையும் பழைய நோட்டைப் புரட்டுவதையும் சோர்வு என்று நினைத்திருக்கிறீர்களோ என்னவோ. உதிர்ந்த பிஞ்சுகளைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் வந்தது பயமும் வேதனையும்தான், அதன்மேல் ஒரு பாடத்தைப் போட்டு அவசரமாக மூடினீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் விசுவாசம் குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை. துக்கப்பட உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. குடும்பத்தாருக்குத் தாகம் இல்லை என்ற புகாரும் இதிலிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மகளை குரூப்பில் சேர்க்காதீர்கள். பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போங்கள். தியானமும் வசனமும் வேண்டாம், அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "அந்தப் பிள்ளைய நினைச்சா எனக்கும் தாங்கலம்மா" என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் மாம்பிஞ்சுத் தியானத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியாக இல்லை என்று தெரிந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால் நீங்களும் காட்டுங்கள்.

எழுதுவதை நிறுத்த வேண்டாம், உங்களுக்கு அந்தக் கண் வாய்த்திருக்கிறது. ஆனால் பழைய நோட்டை மூடி வையுங்கள். ஒன்றும் தோன்றாத காலையில் ஒன்றும் அனுப்பாதீர்கள். மருமகள் போடும் கட்டைவிரலை அவள் சொல்லும் காலை வணக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு ஓடும் நேரத்தில் அதுவே பெரிசு.

போவதற்கு முன் மகளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.